கதவு தட்டினால் கேட்க வேண்டும்

அத்தியாயம் பதினொன்று

சனிக்கிழமை. எமில்டா முன்கதவின் இரண்டு தாழ்ப்பாள்களையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தேநீர் ஊற்றினாள். இப்போது அது பழக்கமாகிவிட்டது.

கொட்டாஞ்சேனையில் அவர்களுடைய வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. கீழே ராமையாவின் பூக்கடை. ராமையாவின் மகனைச் சந்தியில் வைத்து ஒரு வெள்ளை வான் ஏற்றிக்கொண்டு போனது போன மாதம். ஏற்றியவர்கள் யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ராமையா இன்னும் கடை திறக்கிறார். ஷட்டரைப் பாதிக்கு மேலே தூக்குவதில்லை.

அந்த வாரமே கிளெமென்ற் வீட்டுக்கு விதிகள் போட்டார். கப்பல் கொம்பனியில் கிளார்க்காக இருந்து வயதானவர். எதையும் ஒழுங்காக எழுதிவைத்தால் பாதி கவலை தீரும் என்று நம்புகிறவர். இதை மட்டும் எழுதவில்லை. வாயால் சொன்னார்.

வருகிறவர் கீழே நின்று போனில் மிஸ்ட் கோல் அடிக்க வேண்டும். கோல் வராமல் கதவு தட்டப்பட்டால் திறப்பதில்லை. விளக்கை அணைத்துவிட்டு ஆள் இல்லாத வீடு போல் இருப்பது.

கோல் அடித்தும் கதவு திறக்காவிட்டால் வீட்டுக்குள் ஏதோ பிழை. வெளியே நிற்பவர் கூப்பிடக் கூடாது. போனை நிறுத்திவிட்டுத் திரும்பிப் போய்விட வேண்டும்.

போகும் இடத்தை ஒருவருக்கும் சொல்லக் கூடாது.

“எங்களுக்குமோ?” என்று எமில்டா அன்று கேட்டாள்.

“எங்களுக்கும்தான். தெரியாததை ஒருத்தரும் எங்களிட்டையிருந்து பிடுங்கேலாது.”

மகன் நெவில் சிரித்தான். “பத்துக் கட்டளையிலை மூண்டுதான் வந்திருக்கு. மிச்சம் இன்னும் மலையிலையிருந்து இறங்கேல்லைப் போல.”

நெவிலுக்கு இருபத்திரண்டு வயது. கட்டார் விசா வரும்வரை அவன் வீட்டுக்குள் இருக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் அவனால் முடியவில்லை. பொழுது சாய்ந்தால் கிராண்ட்பாஸில் நண்பன் மஜீட் வீட்டுக்கு நழுவிவிடுவான். அவனை அங்கே இழுப்பது மஜீட் அல்ல, மஜீட்டின் ஹோம் தியேட்டர் என்று கிளெமென்ற் கண்டுபிடித்தது போன கிழமை.

“அப்பிடி ஒண்டு இஞ்சை இருந்தா அவன் ஏன் அங்கை போறான்?” என்றார் இப்போது, தேநீரை வாங்கியபடி.

“வாங்குவம்” என்றாள் எமில்டா. “ஆனா நானும் வருவன். நீங்கள் தனியப் போனா ஆரும் சொல்லுறதைத் தூக்கிக்கொண்டு வருவீங்கள்.”

நெவில் தலை துவட்டிக்கொண்டு வந்து நின்றான்.

“அப்பா, சின்னப் பெட்டி கொண்டு வராதேங்கோ. மஜீட்டின்ர பேஸ் அடிச்சா நெஞ்சிலை வந்து விழும். தகரச் சத்தம் கேக்கிறதெண்டா நான் அங்கையே போறன்.”

பகிடியாகத்தான் சொன்னான். கிளெமென்ற் பகிடியாக எடுக்கவில்லை.

“நாங்கள் வருமட்டும் வெளியாலை போகாதை” என்றாள் எமில்டா.

“ஓம்.”

“ஓம் எண்டா?”

“ஓம் எண்டா ஓம்தான் அம்மா.”

*

புறக்கோட்டையில் வாங்கினால் பெட்டியைக் கட்டிக் கையில் தந்துவிடுவார்கள். கேட்டுப் பார்க்க முடியாது. வெள்ளவத்தையில் ராசிக்கின் கடையில் அதற்கென்றே ஓர் அறை இருந்தது. கண்ணாடிக் கதவு. சுவரில் கம்பளம். நடுவில் ஒரு சோபா.

“உக்காருங்க அங்கிள். ஆன்டி, நீங்களும். எந்த அளவு ரூம்?”

கிளெமென்ற் கைகளை விரித்து அளவு காட்டினார். ராசிக் அந்த அளவைக் கண்ணால் எடுத்துக்கொண்டான். முப்பது வயதுக்காரன். விற்கிற அவசரம் இல்லாதவன்.

“டீவி எங்க ஈக்கி?”

“யன்னல் பக்கம்.”

“சோபாவுக்குப் பின்னால?”

“முன்கதவு.”

“அப்ப லேசு. பின் ஸ்பீக்கர் ரெண்டையும் கதவுக்கு இந்தப் பக்கம் ஒண்டு, அந்தப் பக்கம் ஒண்டு அடிச்சிரலாம்.”

எமில்டா கைப்பையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

“கதவுக்குப் பக்கத்திலையோ?”

“ஓம் ஆன்டி. பின்னால இருந்து சத்தம் வந்தாத்தானே தியேட்டர்ல இருக்கிற மாதிரி.”

“பின்னாலை கதவைத் தட்டினா எப்பிடிக் கேக்கும்?”

ராசிக் அவளைப் பார்த்தான். வெள்ளவத்தையில் கடை வைத்திருப்பவனுக்கு அந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை.

“வேற வேற செட் போட்டுக் காட்டுறேன்” என்றான். “அட்டையில அடிச்சிருக்கிற வாட்ஸை நம்ப வேணாம். அது சும்மா. உங்க காதைக் கேளுங்க.”

முதலில் சின்னது. முன்னால் இரண்டு ஸ்பீக்கர், மேசைக்கடியில் அடங்குகிற ஒரு பேஸ் பெட்டி. ராசிக் ஒரு டிஸ்க்கைப் போட்டான். செட்டுகளை வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்கென்றே செய்த டிஸ்க். மழை பெய்தது. ஒரு ரயில் வந்து போனது.

“நிப்பாட்டாதை தம்பி” என்று எமில்டா எழுந்தாள். கிளெமென்றைப் பார்த்தாள். “நான் வெளியாலை போறன். கதவைத் தட்டுவன். பிறகு கோல் அடிப்பன். கேட்டா கையைத் தூக்குங்கோ.”

“எமில்டா, இது கடை.”

“கடையிலை கேக்காட்டி வீட்டிலை கேக்குமோ?”

அவள் வெளியே போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். குளிர்சாதனப் பெட்டி பார்த்துக்கொண்டு நின்ற ஒரு தம்பதி திரும்பிப் பார்த்தார்கள். அவள் விரல் முட்டியால் தட்டினாள். கிளெமென்ற் கையைத் தூக்கினார். கைப்பையிலிருந்து போனை எடுத்து அடித்தாள். அவருடைய சட்டைப் பையில் மணி தெளிவாகக் கேட்டது. மறுபடியும் கையைத் தூக்கினார்.

அவள் திருப்தியோடு உள்ளே வந்தாள். “இது போதும்.”

கிளெமென்ற் ரயிலைக் கேட்டுக்கொண்டிருந்தார். தகரத்தில் ஓடியது. நெவில் சொன்ன அதே தகரம்.

“மற்றதையும் பாப்பம்” என்றார். “வந்தது வந்திட்டம்.”

பெரிய செட்டுக்கு ஐந்து ஸ்பீக்கர். பேஸ் பெட்டி ஒரு ஸ்டூல் உயரம். கறுப்பு. ராசிக் அதே டிஸ்க்கைத் தொடக்கத்திலிருந்து விட்டான்.

மழை கூரையில் பெய்தது. அந்த அறைக்குக் கூரை இல்லை, மேலே இன்னொரு கடைதான். ஆனாலும் கூரையில் பெய்தது. பிறகு ரயில் பின்னாலிருந்து வந்தது. கிளெமென்ற் தன்னை அறியாமல் தலையைக் குனிந்தார். ரயில் அவர் நெஞ்சுக்குள்ளால் போய்ச் சுவருக்குள் மறைந்தது.

“மலேசியாவுல செஞ்சு பூட்டினது” என்றான் ராசிக். “கடல் காத்து பட்டா வயர் முனை கறுத்திரும். மாசத்துக்கு ஒருக்காத் தொடைச்சா சரி.”

“இது” என்றார் கிளெமென்ற்.

எமில்டா ஏற்கெனவே எழுந்துவிட்டாள்.

“இந்தச் சத்தத்திலை படம் ஓடேக்கை, ஆளில்லாத வீடு எண்டு ஆரப்பா நம்புவான்?” என்றாள். “முதலிலை அதைச் சொல்லுங்கோ.”

“கேட்டவுடனை நிப்பாட்டுவம்தானே.”

“கேக்கோணுமே.”

வெளியே போனாள். கதவைச் சாத்தினாள்.

அவளுடைய கை கண்ணாடியில் படுவதைக் கிளெமென்ற் பார்த்தார். சத்தம் வரவில்லை. மறுபடியும் பட்டது. மழைதான் கேட்டது. அவர் ராசிக்குக்குச் சைகை காட்டினார். ராசிக் சத்தத்தைப் பாதியாக்கினான். இப்போது தட்டுவது எங்கோ பக்கத்துக் கடையில் போலக் கேட்டது. கிளெமென்ற் கையைத் தூக்கினார்.

எமில்டா போனை எடுத்தாள். காதில் வைத்தாள். அவரையே பார்த்தாள்.

ரயில் வந்துகொண்டிருந்தது. நெஞ்சு அதிர்ந்தது. அதிர்வது போனா, ரயிலா? அவருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. குனிந்து பார்த்தார். சட்டைப் பையின் மெல்லிய துணிக்குள் போன் வெளிச்சம் எரிந்தது.

நெவில் வீட்டில் இருப்பான். இதை வாங்கினால் இருப்பான். சின்னதை வாங்கினால் நாளைக்கே கிராண்ட்பாஸ் போவான். போகிற வழியில் அந்தச் சந்தி இருக்கிறது.

கிளெமென்ற் கையைத் தூக்கினார்.

எமில்டா உள்ளே வந்தாள். “கோல் கேட்டதோ?”

“கேட்டது.”

“உண்மையா?”

“ஓம் எண்டுறன்.”

ராசிக் அவரை ஒரு கணம் பார்த்தான். பிறகு ஒரு துணியை எடுத்துப் பேஸ் பெட்டியின் மேல் இல்லாத தூசியைத் துடைத்தான்.

“டிஸ்க்கையும் வச்சுக்கொள்ளுங்க அங்கிள்” என்றான். “பில்லை உள்ள போடாம கையில வச்சிருங்க. வழியில கேப்பாங்க.”

*

வழியில் கேட்டார்கள்.

கொள்ளுப்பிட்டி கழியச் சோதனைச் சாவடியில் ஓட்டோவை மறித்தார்கள். ஆமிக்காரன் சின்னப் பையன், நெவில் வயது இருக்கும். அட்டைப் பெட்டியைத் துவக்கின் முனையால் காட்டினான்.

“மொனவத மே?”

“ஸ்பீக்கர், மஹத்தயா.” கிளெமென்ற் பில்லை நீட்டினார். அடையாள அட்டையை நீட்டினார். எமில்டாவுடையதையும் சேர்த்து நீட்டினார்.

“அரின்ன.”

திறக்கச் சொன்னான். ஓட்டோக்காரர் கத்தியால் ஒட்டியிருந்த ரேப்பை வெட்டினார். கறுப்புப் பெட்டி. அதன் பின்புறத்தில் சிவப்பும் கறுப்புமாக வயர் சொருகுகிற துளைகள். பிளாஸ்ரிக் பையில் சுருட்டிய வயர். ஆமிக்காரன் அதை அதிக நேரம் பார்த்தான். விரலால் பேஸ் பெட்டியில் தட்டினான். காதைக் கிட்டக் கொண்டுபோனான். இன்னொருவனைக் கூப்பிட்டான். வந்தவன் வயதானவன். பில்லைப் படித்தான், பெட்டியைப் பார்த்தான், சிரித்தான். தன் வீட்டிலும் இப்படி ஒன்று வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பதாகச் சிங்களத்தில் சொன்னான்.

கிளெமென்றும் சிரித்தார்.

சின்னவன் சிரிக்கவில்லை. எங்கே போகிறீர்கள் என்று கேட்டான்.

“கொட்டஹேன.”

வீட்டில் யார் யார் என்று கேட்டான்.

“மமயி, நோனயி” என்றார் கிளெமென்ற். நானும் மனைவியும்.

எமில்டா கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டோ மறுபடி புறப்பட்டுக் காலிமுகத் திடலைத் தாண்டியது.

“சரியாச் சொன்னீங்கள்” என்றாள் பிறகு.

“ம்.”

“சொல்லேக்கை எனக்கு ஒரு மாதிரி இருந்தது.”

“எனக்கும்தான்.”

*

ராமையா ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே வந்தார். பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக் கீழே இறக்கினார். கைகளில் ஈரப் பூவின் மணம்.

“பெரிய சாமானா இருக்குதுங்களே.”

“படம் பாக்கிறதுக்கு” என்றார் கிளெமென்ற். ராமையாவிடம் அதைச் சொல்ல ஏனோ கூச்சமாக இருந்தது.

“நல்லதுங்கய்யா. பையன் வீட்டோட இருக்கும்.” ராமையா ஷட்டரைப் பார்த்தபடி சொன்னார். “ஆனா தம்பி வெளிய போயிருச்சுங்களே. இப்ப கொஞ்சம் முன்னாடிதான்.”

எமில்டா அங்கேயே நின்று போன் எடுத்தாள்.

“எங்கை நிக்கிறாய்?”

“மஜீட்டிட்டை, அம்மா.” பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம். “புதுச் செட்டுக்கு டிவிடி வேணுமெல்லே. நல்லதாப் பாத்து எடுத்துக்கொண்டு வாறன்.”

“நான் உனக்கு என்ன சொன்னனான்?”

“இதுதான் கடைசி. இனி ஏன் போறன், அங்கை இருக்கிறது இஞ்சையும் இருக்கே. பெரிசோ வாங்கினீங்கள்?”

“பெரிசு.”

“மெய்யாவோ?” அவன் குரல் சின்னப் பிள்ளையின் குரல் போல் ஆனது. “இருட்டுப்பட முதல் வந்திடுவன். அப்பாட்டைச் சொல்லுங்கோ, நான் வந்துதான் செட்டைப் பூட்டுவன் எண்டு.”

கிளெமென்ற் காத்திருக்கவில்லை. அவன் வரும்போது எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்று நினைத்தார். அலுமாரியிலிருந்து சுத்தியலை எடுத்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிலத்தில் இருந்தார். சிவப்பு வயர் சிவப்பில், கறுப்பு கறுப்பில். முன் ஸ்பீக்கர்கள் டீவிக்கு இரண்டு பக்கமும். பின் ஸ்பீக்கர்களுக்குக் கதவின் இரண்டு பக்கமும் ஆணி அடித்தார். திரு இருதயப் படத்தைச் சற்று மேலே ஏற்ற வேண்டியிருந்தது.

எமில்டா பார்த்துக்கொண்டு நின்றாள். பல வாரங்களுக்குப் பிறகு அவர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துப் பாடுவது கேட்டது. பிழை சொல்ல வாய் வரவில்லை. தன் போனை அறையில் சார்ஜில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

கிளெமென்ற் தன் போனைப் பேஸ் பெட்டியின் மேல் வைத்தார். கண்ணுக்கு முன்னால் இருக்கட்டும் என்று.

டிஸ்க்கைப் போட்டார். மழை பெய்தது. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். இன்னும் கொஞ்சம். நெவில் கீழே வரும்போதே கேட்க வேண்டும். படியில் நின்று அவன் சிரிக்க வேண்டும். யன்னல் கண்ணாடி மெல்ல அதிர்ந்தது. பேஸ் பெட்டியின் மேல் போன் தானாகவே நகர்ந்து ஓரத்துக்கு வந்தது. விழப்போகிறது என்று அதை எடுத்துக் கவிழ்த்து நடுவில் வைத்தார்.

ரயில் வந்தது. கிளெமென்ற் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடினார்.

வெளியே பொழுது மங்கிக்கொண்டு வந்தது.

*

எமில்டா தேநீர்க் கோப்பையோடு கதவைக் கடந்தபோது அது கேட்டது. முதலில் பின் ஸ்பீக்கர் என்று நினைத்தாள். நின்றாள். மழைக்குள் தட்டும் சத்தம் ஏன் வருகிறது?

மறுபடியும் தட்டும் சத்தம். கதவுப் பலகை அவள் தோளுக்குப் பக்கத்தில் அதிர்ந்தது.

கோப்பையை நிலத்தில் வைத்தாள். ரிமோட்டைத் தேடவில்லை. நேரே போய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். மழை நின்றது. மற்றக் கையால் விளக்கை அணைத்தாள்.

கிளெமென்ற் பாதி எழும்பி அப்படியே நின்றார்.

“ஆரோ தட்டினம்” என்றாள், மூச்சால்.

“கோல் வந்ததோ?”

“என்ர போன் அறைக்குள்ளை. உங்கடை?”

“வரேல்லை.”

“பாத்தீங்களோ?”

“வந்திருந்தா கேட்டிருக்கும்.”

இருட்டில் அவள் அவருடைய முகத்தைப் பார்க்க முயன்றாள். தெரியவில்லை.

மறுபடியும் தட்டினார்கள். இந்த முறை மெதுவாக. ஒரு விரல் முட்டி மட்டும். பிறகு ஒன்றுமில்லை. கதவுக்கு வெளியே ஒருவர் மூச்சு விடாமல் நிற்கிறார் என்று உள்ளே மூச்சு விடாமல் நின்ற இரண்டு பேருக்கும் தெரிந்தது. எமில்டா கிளெமென்றின் சட்டையைப் பிடித்தாள். திரு இருதயத்துக்கு முன்னால் இருந்த சின்னச் சிவப்பு பல்ப் மட்டும் எரிந்தது. அதையும் அணைத்திருக்க வேண்டும்.

ஏதோ ஒன்று மெல்ல நிலத்தில் வைக்கப்பட்டது. பிளாஸ்ரிக் சரசரத்தது.

பிறகு காலடி. படியில் இறங்கியது. முதலில் மெதுவாக. இரண்டாம் மாடி கழிந்ததும் ஓட்டமாக.

கிளெமென்ற் மூச்சை விட்டார். “போயிட்டினம்.”

“சப்பாத்து இல்லை” என்றாள் எமில்டா.

“என்ன?”

“சப்பாத்துச் சத்தம் இல்லையப்பா. செருப்பு. ஒரு ஆள்.”

அவள் அசையாமல் நின்றாள். கிளெமென்ற் தடவிக்கொண்டு போய்ப் பேஸ் பெட்டியின் மேலிருந்த போனை எடுத்துத் திருப்பினார். வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது.

அவள் வந்து எட்டிப் பார்த்தாள். மிஸ்ட் கோல். நெவில். அதற்குக் கீழே இன்னொரு முறை நெவில்.

கதவின் இரண்டு தாழ்ப்பாளையும் அவர்தான் திறந்தார். வாசலில் ஒரு பிளாஸ்ரிக் பை இருந்தது. உள்ளே டிவிடிகள்.

*

கிளெமென்ற் சாரத்தோடு படியிறங்கி வீட்டு முன் ஒழுங்கைக்கு ஓடினார். ராமையா ஷட்டருக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார்.

“இப்பதாங்கய்யா எறங்குச்சு. கூப்பிட்டேன். திரும்பிப் பாக்கல. கோயில் பக்கமாப் போயிருச்சு.” அவர் கிளெமென்றின் முகத்தைப் பார்த்தார். “என்னங்கய்யா? மேல யாரும் வந்தாங்களா?”

“இல்லை. ஒருத்தரும் வரேல்லை.”

“நான் இங்கேயே நிக்கிறேன். யாரும் மேல போவலீங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

சந்திவரை ஓடினார். கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. சனக்கூட்டம். வெள்ளைச் சட்டை போட்ட பையன்கள் எல்லாரும் பின்பக்கத்திலிருந்து நெவில் போலவே இருந்தார்கள். காலையில் அவன் என்ன சட்டை போட்டிருந்தான் என்று நினைத்துப் பார்த்தார். தலை துவட்டிக்கொண்டு நின்றது மட்டும் நினைவில் இருந்தது.

போன் அடித்தார். நிறுத்தப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் மூன்று மொழியிலும் சொன்னது.

திரும்பி வந்தபோது எமில்டா வாசற்படியில் இருந்தாள். விளக்கு இன்னும் போடவில்லை. மடியில் டிவிடிப் பை.

“கோல் அடிச்சவன்” என்றாள். “பிறகும் அடிச்சவன். தட்டினவன். தட்டினவுடனை சத்தம் நிண்டது. லைட் நிண்டது. வெளியாலை நிக்கிறவன் என்ன நினைப்பான்?”

“உள்ளை ஆரோ நிக்கினம் எண்டு.”

“எங்களைப் பிடிச்சு வைச்சிருக்கினம் எண்டு.”

“நான் சொல்லிக் குடுத்ததுதான்.” கிளெமென்ற் சுவரைப் பிடித்துக்கொண்டார். “அச்சொட்டாச் செய்திருக்கிறான்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“கடையிலை உங்களுக்குக் கேட்டது எண்டனீங்கள்.”

அவர் கையிலிருந்த போனைப் பார்த்தார். அவள் மறுபடி கேட்கவில்லை. அந்தக் கேள்வி இன்றைக்கு முடியப்போவதில்லை என்று இருவருக்கும் தெரிந்தது.

“மஜீட்டுக்குக் கோல் எடுங்கோ” என்றாள்.

எடுத்தார். மஜீட்டின் குரல் உடனே வந்தது.

“தம்பி, நெவில் அங்கை வந்தவனோ?”

மஜீட் குரலைத் தாழ்த்தினான்.

“அங்கிள், உங்களுக்குப் பக்கத்துல ஆரும் ஈக்காங்களா?”

“இல்லை தம்பி. நானும் ஆன்டியும்தான். வீட்டிலை ஒரு பிரச்சினையும் இல்லை. நாங்கள் கோலைக் கேக்கேல்லை, அவ்வளவுதான். பாட்டுச் சத்தத்திலை...”

சொல்லச் சொல்லவே அது எவ்வளவு பொய்யாக ஒலிக்கிறது என்று அவருக்கே கேட்டது. யாரோ பக்கத்தில் நின்று சொல்லச் சொன்னால் இப்படித்தான் சொல்வார்கள்.

“எனக்குத் தெரியா அங்கிள்” என்றான் மஜீட். “இங்க வரல்ல. வந்தா... இல்ல, வரல்ல.”

வைத்துவிட்டான்.

“என்னவாம்?”

“தெரியாதாம்.”

“மெய்யாத் தெரியாதோ?”

“தெரிஞ்சாலும் சொல்லமாட்டான். நான் கேட்டாலும் சொல்லக் கூடாது எண்டுதானே நான் நெவிலுக்குச் சொன்னனான். அவன் இவனுக்கும் சொல்லியிருப்பான்.”

எமில்டா எழுந்தாள். முன்னறை விளக்கைப் போட்டாள். அடுப்படி விளக்கு, அறை விளக்கு, குளியலறை விளக்கு. யன்னல்களைத் திறந்து திரைச்சீலைகளை ஒதுக்கினாள். பிளக்கைச் சுவரில் செருகினாள். பையிலிருந்து மேலாக வந்த டிவிடியை எடுத்து நீட்டினாள்.

“போடுங்கோ.”

“என்னப்பா?”

“ஒழுங்கை முடிவிலை எங்கையாவது நிண்டு வீட்டைப் பாத்துக்கொண்டு நிப்பான். அப்பிடி விட்டுட்டுப் போற பிள்ளை இல்லை அவன். வீட்டிலை ஆக்கள் இருக்கினம், படம் பாக்கினம் எண்டு தெரியட்டும். முழுச் சத்தமாப் போடுங்கோ.”

கிளெமென்ற் போட்டார். அது ஒரு நகைச்சுவைப் படம். யாரோ ஒருவன் மாட்டுவண்டியிலிருந்து விழுந்தான். ஐந்து ஸ்பீக்கரும் சேர்ந்து சிரித்தன. ரிமோட்டில் இலக்கம் ஏறிக்கொண்டே போனது. மேல்வீட்டில் நாற்காலி இழுபட்டது. எதிர்வீட்டு யன்னல் ஒன்று திறந்தது. ஒழுங்கையில் நாய் குரைத்தது கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்குக் கேட்கவில்லை. நெவில் கேட்ட பேஸ், நெஞ்சில் வந்து விழுந்துகொண்டிருந்தது.

எமில்டா முன்கதவை அகலத் திறந்து வைத்தாள். அந்த மாதத்தில் முதல் முறையாக. படிகளைப் பார்த்தபடி நிலையில் சாய்ந்து நின்றாள். அவளுக்கு இரண்டு பக்கமும் ஸ்பீக்கர்கள்.

கிளெமென்ற் போனைக் கையிலேயே வைத்திருந்தார். இனி அதை எங்கும் வைக்கப்போவதில்லை.

அது அவர் உள்ளங்கையில் அதிர்ந்தது. ஒரு முறை. நின்றுவிட்டது.

மிஸ்ட் கோல். பெயர் இல்லை. தெரியாத நம்பர்.

அவர் எமில்டாவிடம் திரையைக் காட்டினார். அவள் பார்த்தாள். யாரிடமாவது போனை வாங்கி அவன் அடித்திருக்கலாம். அவனுடைய போனிலிருந்து நம்பரைப் பிடுங்கிக்கொண்டு வேறு யாராவது அடித்திருக்கலாம். யாராக இருந்தாலும், கீழே நின்று அடித்தவர் இப்போது படியேறிக்கொண்டிருப்பார்.

கிளெமென்றின் கட்டைவிரல் ரிமோட்டின் மேல் இருந்தது. குறைத்தால் படியில் வருவது செருப்பா, சப்பாத்தா என்று கேட்கும். குறைத்தால், வெளியே எங்கோ நின்று பார்க்கிறவனுக்கு இந்த வீடு மறுபடியும் அடங்கிப்போகும்.

“குறைக்கட்டோ?” என்று கேட்டார்.

எமில்டாவுக்கு அது கேட்கவில்லை. ஆனால் அவருடைய வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பிறகு கதவைவிட்டு ஓரடி வெளியே போய்ப் படியின் உச்சியில் நின்றாள்.